நாமும் நாங்களும்

மாந்தர்தம் மொழிகள் பலவாய் இருத்தல் குறையன்று. அது படைப்பின் அழகு. மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருமறையின் 30ஆம் அத்தியாயம் எடுத்துரைக்கின்றது. வேறுபட்ட மொழியினர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள மொழிபெயர்ப்பு வேண்டும். அது தமிழர்க்குப் புதிதன்று. வழிநூல் வகைகளைக் கூறவந்த தொல்காப்பியர், மொழிபெயர்ப்பையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். தமிழின் ஒலிகளுக்கேற்ப அரபு எழுத்துகளில் புள்ளிகளைச் சேர்த்து, அரபுத்தமிழ் என்னும் எழுத்துமுறையைக் கையாண்டவர்கள் நம் முன்னோர்.

ஆயினும் நம் முன்னோர் கண்ட மொழிபெயர்ப்பு, எழுதி முடித்த நூலை வைத்துக்கொண்டு அமைதியாக அமர்ந்து செய்தது. இன்று நாம் காண்பது வேறு. கைப்பேசியில் இருவர் உரையாடிக் கொண்டிருக்கும்போதே, ஒருவர் தம் மொழியில் எழுத, மற்றவர் தம் மொழியில் அதனைப் படிக்கின்றார். இடையே நிற்பது மனிதன் அன்று, பொறி. இப்பொறியைப் பற்றி மாணவர்கள் என்னிடம் வினவும்போதெல்லாம், என் வீட்டில் நிகழ்ந்த ஒன்றே என் நினைவுக்கு வருகின்றது. இம்மலரின் வாயிலாக அதனைப் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

என் உம்மாவின் தமையனார், எங்கள் பெரிய மாமா, 1961ஆம் ஆண்டு நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறிப் பினாங்கு சென்றார்கள். அப்போது உம்மாவுக்கு வயது பன்னிரண்டு. சூலியா தெருவுக்கு அருகில் ஒரு நாசி கண்டார் கடையில் வேலைக்கு அமர்ந்து, பின்னர் அங்கேயே ஒரு மலாய்ப் பெண்மணியை நிக்காஹ் செய்துகொண்டார்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் ஊருக்குக் கடிதம் எழுதுவது அவர்களின் வழக்கம். நீலநிற வான்கடிதம் மாதந்தோறும் தவறாமல் வரும். அவர்களுடைய பிள்ளைகளுக்கு மலாயும் ஆங்கிலமுமே தெரியும். தமிழ், மாமாவோடு வந்து மாமாவோடு நின்றுவிட்ட மொழியாயிற்று.

1997இல் என் தமக்கையின் நிக்காஹ் நடந்தது. மாமா வரவில்லை. ஒரே தங்கையின் மூத்த மகள் திருமணத்திற்கு வராத அண்ணன்மீது உம்மாவுக்குத் தாங்கொணா மனத்தாங்கல். கடிதங்கள் வந்தன, உம்மா விடை எழுதவில்லை. ஓராண்டுக்கும் மேல் அந்த மௌனம் நீடித்தது. 1998இல் மாமா வஃபாத்தான செய்தி, அவர்களின் மூத்த மகன் ஆங்கிலத்தில் எழுதிய கடிதமாக வந்தது. அப்போது நான் இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவன். அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு உம்மாவுக்கு அக்கடிதத்தைத் தமிழில் படித்துச் சொன்னவன் நானே. படித்த விதத்தைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

அதன்பின் தொடர்பு அறுந்தது. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, மாமாவின் பேத்தி ஒருத்தி, பழைய கடித உறையிலிருந்த முகவரியையும் ஒரு நிழற்படத்தையும் கொண்டு எங்களைத் தேடிக் கண்டுபிடித்தாள். அவளுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. உம்மாவுக்கு மலாய் தெரியாது. என் மகள்தான் உம்மாவின் கைப்பேசியிலிருந்த உரையாடல் செயலியில் மொழிபெயர்ப்பு வசதியை அமைத்துக் கொடுத்தாள். பினாங்கில் மலாயில் எழுதியது எங்கள் வீட்டுத் திண்ணையில் தமிழாய் வந்து நின்றது. உம்மா எழுத்துக்கூட்டிப் படித்தார்கள், படித்துவிட்டு அழுதார்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக நானோ, ஆங்கிலம் கற்ற என் உறவினரோ செய்யாத ஒன்றை ஒரு பொறி அன்று செய்தது. இதனை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

இப்பொறியின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்வது நலம். 1954ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள், அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐ.பி.எம். நிறுவனமும் இணைந்து நியூயார்க்கில் ஒரு சோதனையை நடத்திக் காட்டின. 250 சொற்களையும் 6 இலக்கண விதிகளையும் கொண்டு, அறுபதுக்கும் மேற்பட்ட உருசிய வாக்கியங்களைக் கணிப்பொறி ஆங்கிலத்தில் பெயர்த்தது. மாமா வாழ்ந்த பினாங்கு நகருக்கும் ஜார்ஜ்டவுன் என்றே பெயர் அமைந்திருப்பது இனிய தற்செயல். சில ஆண்டுகளில் மொழித் தடையே நீங்கிவிடும் என்று அன்று பலர் நம்பினர். அந்நம்பிக்கை நிறைவேறவில்லை. அமெரிக்க அரசு அமைத்த ‘அல்பாக்’ குழு 1966இல் வெளியிட்ட அறிக்கைக்குப் பின் இவ்வாய்வுக்கான நிதியும் அங்குக் குறைந்தது.

இலக்கண விதிகளைப் புகட்டுவதை விட்டு, மனிதர் முன்னரே மொழிபெயர்த்து வைத்த ஆவணங்களைப் பெருந்தொகையாகக் கொடுத்து, எச்சொல்லுக்கு எச்சொல் பெரும்பாலும் வருகின்றது என்று பொறியே கணக்கிட்டுக் கற்கும் முறை பின்னர் வளர்ந்தது. 2006இல் தொடங்கிய கூகுள் மொழிபெயர்ப்புச் சேவை அவ்வகையினது. 2011 ஜூன் மாதத்தில் தமிழ் அதில் இடம்பெற்றது. 2016 முதல் நரம்புப் பின்னல் என்னும் புதிய முறை அச்சேவையில் புகுந்தது. 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வுரை, வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லும் ஏனைய சொற்களோடு கொண்டுள்ள தொடர்பைப் பொறி எடைபோட்டுப் பார்க்கும் வழியைக் காட்டிற்று. இன்றைய மொழிபெயர்ப்புப் பொறிகளில் பெரும்பாலானவை அவ்வழியில் இயல்வன.

உரையாடலின் நடுவே மொழிபெயர்ப்பதும் படிப்படியாகவே வந்தது. 2007 டிசம்பரில் கூகுள் தன் உரையாடல் சேவையில் ஓர் ஏற்பாட்டைச் செய்தது. மொழிபெயர்ப்புப் பொறியையே ஒரு நண்பரைப் போலப் பெயர்ப் பட்டியலில் சேர்த்துக்கொண்டால், எழுதும் வரியை அது உடனே பெயர்த்துத் தரும். 2014 டிசம்பரில் ஸ்கைப், ஆங்கிலம் பேசுவாரும் ஸ்பானியம் பேசுவாரும் தத்தம் மொழியிலேயே பேசிக்கொள்ளும் முன்னோட்டத்தை வெளியிட்டது. ஸ்கைப் சேவை 2025 மே மாதத்தில் நிறுத்தப்பட்டுவிட்டது. அது காட்டிய வழி நிற்கவில்லை. 2025 செப்டம்பரில் வாட்ஸ்அப், செய்திகளைக் கைப்பேசிக்குள்ளேயே மொழிபெயர்க்கும் வசதியை அறிவித்தது. கைப்பேசிக்குள்ளேயே என்பது கருதத்தக்கது. மொழிபெயர்ப்புக்காக ஒரு செய்தி வெளியிலுள்ள கணிப்பொறிக்குச் செல்லுமானால், பேசுவோர் இருவரின் மறைபொருளை மூன்றாமவர் ஒருவரும் அறிய இடமுண்டாகின்றதன்றோ?

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம். முதலிற் சிறு உரசல்கள் தோன்றின. பேத்தி நாள்தோறும் காலையில் ஒரு செய்தி அனுப்புவாள். அது உம்மாவின் கைப்பேசியில், “பாட்டி சாப்பிட்டாளா?” என்று வந்து விழும். “நான் உயிரோடு இருக்கையில், என்னிடமே யாரைப் பற்றிக் கேட்கிறாள்? அதுவும் ‘சாப்பிட்டாளா’ என்றா?” என்று உம்மா வருந்துவார்கள். அவள் எழுதியதோ, “நெனேக் சுடா மாக்கான்?” என்பது. மலாய் மொழியில் மூத்தோரை முன்னிலைச் சுட்டால் விளித்தல் பண்பாகாது. ‘நீங்கள்’ என்னுமிடத்தில் ‘பாட்டி’ என்னும் உறவுப் பெயரையே வைத்துப் பேசுவர். அவள் மிகுந்த மரியாதையோடுதான் வினவினாள். பொறி அதனைப் படர்க்கையாக்கி, ஒருமையாக்கி, பெண்பாலாக்கித் தந்தது. மலாய் வினைச்சொல் திணையும் பாலும் காட்டுவதில்லை. தமிழ் வினைமுற்றோ அவற்றைக் காட்டாமல் முடிவதில்லை. ஒருவரையே உயர்வு கருதிப் பன்மையாற் சுட்டும் வழக்கைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே குறித்துள்ளார். அவ்வுயர்வு யாருக்கு உரியது என்பதைச் சொல்லால் அறிய இயலாது. முறையால் அறிய வேண்டும். முறையைப் பொறி எங்ஙனம் அறியும்?

இதனை நான் விளக்கிய பின் உம்மா சிரித்துக்கொண்டார்கள். ஆனால் அடுத்து வந்தது சிரித்து ஒதுக்கத்தக்கதாய் இல்லை.

ஒருநாள் பேத்தியின் செய்தி இவ்வாறு வந்தது: “ஊரில் உள்ள எங்கள் குடும்பத்தின் பழைய வீட்டைப் பார்க்க வேண்டும். அது எங்கள் வீடு என்று என் தோழிகளிடம் சொன்னேன்.” உம்மா அதனை இருமுறை படித்தார்கள். ‘எங்கள் குடும்பம்’, ‘எங்கள் வீடு’. அவ்வேளையில் உடனிருந்த உறவினர் ஒருவர், “பாத்தியதை கேட்கத் தொடங்கிவிட்டார்கள், இதற்காகத்தான் இத்தனை ஆண்டு கழித்துத் தேடி வந்திருக்கின்றாள்” என்று கூறிவிட்டார். மூதாதையர் வீடு என்பது நம் குடும்பங்களில் எத்தகைய சொல் என்பதை நான் பெரியோர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உம்மா கைப்பேசியை அலமாரியில் வைத்துவிட்டார்கள். பினாங்கிலிருந்து காலைச் செய்திகள் வந்தவண்ணம் இருந்தன. இரண்டு வாரம் விடை செல்லவில்லை. 1997இல் எங்கள் வீட்டிற் குடியிருந்த அதே மௌனம் மீண்டும் வந்து அமர்ந்தது.

எனக்கு உறுத்தியது ‘எங்கள்’ என்னும் ஒரு சொல்தான். அப்பெண்ணுக்கு ஆங்கிலத்தில் எழுதி, அன்று மலாயில் எழுதிய சொற்களை அப்படியே அனுப்பக் கேட்டேன். அவள் எழுதியிருந்தது “கெலுவார்கா கித்தா” என்பது. கெலுவார்கா என்றால் குடும்பம். மலாய் மொழியில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள் உண்டு. கேட்பவரையும் உளப்படுத்திச் சொல்வது ‘கித்தா’; கேட்பவரை நீக்கிச் சொல்வது ‘காமி’. தமிழ் மாணவர்க்கு இது வியப்பளிக்கும். ‘நாம்’ என்றும் ‘நாங்கள்’ என்றும் நாம் பிரித்து வழங்கும் அதே வேறுபாடு அங்கும் அவ்வாறே உள்ளது. அப்பெண் எழுதியது ‘நம் குடும்பம்’. உம்மாவையும் தன்னையும் ஒரே குடும்பமாக்கி, உம்மாவின் பிறந்த வீட்டை ‘நம் வீடு’ என்று பெருமையோடு தோழிகளிடம் சொல்லியிருக்கின்றாள். அவ்வளவே.

இரு மொழிகளிலும் இருக்கும் ஒன்று இடையில் எவ்வாறு தொலைந்தது? மலாயையும் தமிழையும் அருகருகே வைத்து மனிதர் பெயர்த்த நூல்கள் மிகச் சில. ஆகவே இத்தகைய மொழி இணைகள் பலவற்றில் பொறி நேர்வழியே செல்வதில்லை. மலாயை ஆங்கிலமாக்கி, அவ்வாங்கிலத்தைத் தமிழாக்குவதே பலகாலமாகக் கையாளப்பட்டு வரும் வழி. ஆங்கிலத்தில் நாமுக்கும் நாங்களுக்கும் ஒரே சொல்தான். பினாங்கிலிருந்து புறப்பட்ட ‘கித்தா’, ஆங்கிலம் என்னும் இடைத்துறையில் தன் பொருளிற் பாதியை இறக்கி வைத்துவிட்டு, ‘எங்கள்’ என்று நாகப்பட்டினத்துக் கரையேறிவிட்டது. எங்கள் செயலியும் அவ்வழியே சென்றிருத்தல் வேண்டும் என்பது என் துணிபு. கப்பலும் கடையும் கட்டிலும் மலாய் மொழிக்குள் ‘காப்பால்’, ‘கெடாய்’, ‘காத்தில்’ என்று இடையாள் யாருமின்றி நேரே சென்று வாழ்கின்றன. நூற்றாண்டுகளாய் நேரே பழகிய இரு மொழிகள், இன்று பேசிக்கொள்ள மூன்றாம் மொழியின் தயவை நாடுகின்றன.

இதனை உம்மாவிடம் விளக்கினேன். அலமாரியிலிருந்து கைப்பேசி வெளியே வந்தது. “நம் வீட்டுக்கு வா” என்று உம்மா எழுதினார்கள். அதற்கு அன்றிரவே வந்த விடைதான் நான் எதிர்பாராதது: “வாப்பா சொன்னார். தாத்தா இறக்கும்வரை, தபால்காரர் வரும்போதெல்லாம் தங்கையின் கடிதம் வந்ததா என்று கேட்டார். அதனால்தான் நான் தேடினேன்.” பொறி இதில் ஒரு சொல்லும் பிழைக்கவில்லை.

உம்மா நெடுநேரம் பேசவில்லை. பின்னர் என்னை அழைத்து, “அன்னைக்கு நீ படிச்சியே, அந்தக் காயிதத்துல இது இருந்திச்சா?” என்று கேட்டார்கள்.

இருந்தது. மாமா ஈராண்டாக நோயுற்றிருந்ததும், நோயை மறைத்ததும், அதனாலேயே என் தமக்கையின் நிக்காஹுக்கு வர இயலாமற் போனதும், கடைசி மாதத்தில் நாள்தோறும் தங்கையின் கடிதத்தை எதிர்பார்த்ததும் அக்கடிதத்தில் இருந்தன. பத்தொன்பது வயது மாணவனாகிய நான், நோயைச் சொன்னேன், வஃபாத்தைச் சொன்னேன், நல்லடக்கம் செய்ததைச் சொன்னேன், காத்திருந்ததைச் சொல்லவில்லை. உம்மாவின் நெஞ்சு தாங்காது என்று நானே முடிவு செய்து, அவ்வரிகளைத் தாண்டிப் படித்தேன். அதனைக் கருணை என்றே இத்தனை ஆண்டும் எண்ணியிருந்தேன். மொழிபெயர்ப்பியலை வகுப்பில் நடத்தும்போது, மூலத்திற்கு உண்மையாய் இருத்தல் முதற்கடமை என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவனும் நானே.

மறைக்காமல் ஒப்புக்கொண்டேன். உம்மா சினக்கவில்லை. “அது தெரியாம மாத்துச்சு வாப்பா, நீ தெரிஞ்சில்ல மாத்துனே” என்றார்கள். பிறகு, “அன்னைக்கே சொல்லியிருந்தா அவங்க பிள்ளைகளுக்காவது எழுதியிருப்பேன்” என்றார்கள். இருபத்தைந்து ஆண்டு இடைவெளிக்குக் கடலும் காரணமன்று, மொழியும் காரணமன்று, நான் தாண்டிய அந்த மூன்று வரிகளே காரணம் என்பது அப்போதுதான் எனக்குப் புலனாயிற்று.

ஆகவே, பொறியை இகழவும் எனக்குத் தகுதியில்லை. அதனைப் போற்றிப் பாடவும் மனமில்லை. அதற்கு முறை தெரியாது. ஆனால் யாருடைய மனத்தையும் காக்கவேண்டும் என்று அது எதனையும் ஒளிப்பதில்லை. மனிதனுக்கு முறை தெரியும். அம்முறையின் பெயராலேயே அவன் ஒளித்தும் விடுகின்றான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், யூதர்களோடு கடிதப் போக்குவரத்துக்கு அவர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு ஜைது இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்தார்கள் என்றும், அவர்கள் அரைத்திங்களுக்குள் அதனைக் கற்றார்கள் என்றும் நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. தமக்கு வரும் கடிதத்தைப் படிப்பதில் பிறரை முற்றும் நம்பியிருத்தல் ஆகாது என்பதே அதிலுள்ள படிப்பினை. இடையில் நிற்பவர் மனிதராயினும் பொறியாயினும் அப்படிப்பினை மாறுவதில்லை.

மாணவச் செல்வங்களுக்குச் சிலவற்றைக் கூறி அமைவேன். இவ்வசதியைப் பயன்படுத்துங்கள், தயங்க வேண்டா. ஆனால் பொறிவழிச் செல்லும் செய்தியைச் சிறு சிறு முழு வாக்கியங்களாக எழுதுங்கள். எழுவாயை விடாதீர்கள், சொற்களைச் சுருக்காதீர்கள். மலாய் இளைஞர் ‘இல்லை’ என்னும் பொருளில் ‘எக்ஸ்’ என்னும் ஒற்றை ஆங்கில எழுத்தை இடுவதுண்டு. அதனைப் பொறி அறியாது விடுமானால், வரமாட்டேன் என்பது வருவேன் என்றாகிவிடும். ஒரு செய்தி உள்ளத்தைச் சுடுமானால், சினக்குமுன் மூலச் சொல்லைக் கேட்டு அறியுங்கள். நிக்காஹ், பாகப்பிரிவினை, மருத்துவம் ஆகியவற்றை இருமொழியும் அறிந்த ஒருவரைக் கொண்டு சரிபார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

தமிழ்த்துறைக்கும் இதில் ஒரு கடமை உண்டு. பொறி எதனைப் படிக்கின்றதோ அதனையே பேசும். சென்னை ஐ.ஐ.டி.யின் ‘ஏ.ஐ.4பாரத்’ ஆய்வகம் 2023இல் இந்திய அரசியலமைப்பின் 22 அட்டவணை மொழிகளுக்குமான மொழிபெயர்ப்புப் பொறியை யாவரும் எடுத்தாளும் வகையில் வெளியிட்டது. அத்தகைய பணிக்கு வேண்டுவது, மனிதர் கவனத்தோடு பெயர்த்த இருமொழி வாக்கியங்கள். கடல் கடந்த தமிழ் முஸ்லிம்களின் மொழிகளாகிய மலாயையும் அரபையும் சிங்களத்தையும் தமிழோடு நேரே இணைக்கும் வாக்கியங்களை ஆக்கித் தர நம்மையன்றி வேறு யார் உளர்? ‘கித்தா’வுக்கு ‘நாம்’ என்று ஒருவர் ஆயிரம் வாக்கியம் எழுதி வைப்பாரானால், இன்னொரு வீட்டில் இரண்டு வார மௌனம் நேராது.

உம்மாவும் பேத்தியும் இப்போதும் நாள்தோறும் எழுதிக்கொள்கின்றனர். துஆ, ஸலாம், வஃபாத், கபுர் முதலிய சொற்கள் இரு மொழிக்கும் பொதுவாய் இருப்பதால், அவற்றை உம்மா மலாயிலேயே ஒலி கேட்டு அறிந்துகொள்கின்றார்கள். சென்ற நோன்புப் பெருநாளில் அப்பெண் மாமாவின் கபுரடியில் நின்று ஒரு நிழற்படம் அனுப்பினாள். அதன்கீழ், பொறியின் துணையின்றித் தானே பழகிய தமிழ் எழுத்தில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தாள்: “நாம்”. உம்மா அதனைப் படித்துவிட்டு, 1998இல் எழுதியிருக்க வேண்டிய கடிதத்தைச் சொல்லச் சொல்ல என்னை எழுதச் சொன்னார்கள். சொன்னதைச் சொன்னபடியே, ஒரு வரியும் தாண்டாமல் எழுதினேன்.